எழுதிய கண்ணும் பிழை தேடும் கண்ணும்

வேண்டும், வேண்டாம். இந்த இரண்டு சொற்களையும் பிரிப்பது ஒரே ஓர் எழுத்து. ஒன்றில் டு, மற்றொன்றில் டா. ‘இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம்’ என்று எழுத நினைத்தவர் கைதவறி ‘வேண்டும்’ என்று அடித்துவிட்டால் எந்தச் சொல்திருத்தியும் சிவப்புக் கோடு போடாது. எழுத்துகள் சரி, இலக்கணம் சரி, பொருள் மட்டும் தலைகீழ். எழுதியவர் அதை எத்தனை முறை திரும்பப் படித்தாலும் அவர் மனதில் இருக்கும் ‘வேண்டாம்’தான் திரையிலும் இருப்பதாகத் தெரியும்.

1631ஆம் ஆண்டு லண்டனில் ராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூகாஸ் என்ற அச்சகத்தார் இருவர் ஆங்கில பைபிள் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பத்துக் கட்டளைகளில் ஒன்றில் எதிர்மறைச் சொல் விட்டுப்போயிருந்தது. விபசாரம் செய்யாதே என்று இருக்க வேண்டிய கட்டளை, செய் என்று அச்சாகிவிட்டது. 300 பவுண்டு அபராதம், அதோடு அச்சிடும் உரிமமும் போயிற்று. ஆங்கிலத்தில் அப்படி ஒரு விபரீதம் நடக்க ஒரு முழுச் சொல் காணாமல்போக வேண்டியிருந்தது. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முடியும், முடியாது. தெரிந்தவர், தெரியாதவர். செய்யக்கூடும், செய்யக்கூடாது. நமக்கு ஓரிரு எழுத்து மாறினாலே போதும்.

இதையெல்லாம் கவனக்குறைவு என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மிகக் கவனமாக எழுதுகிறவர்களின் வரைவிலும் இதே பிழைகள் இருக்கின்றன. காரணம் நாம் படிக்கும் விதத்திலேயே இருக்கிறது. படிக்கும்போது கண் வரியின்மேல் சீராக ஓடுவதுபோல நமக்குத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் நொடி நிற்கும், அப்புறம் அடுத்த இடத்துக்குத் தாவும். நிற்கிற இடத்திலும் சில எழுத்துகள் மட்டுமே துல்லியமாகத் தெரியும், சுற்றியிருப்பது மங்கல்தான். மீதியை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. வேறொருவர் எழுதியது என்றால் அந்த ஊகம் அடிக்கடி பொய்க்கும், கண் திரும்பி வந்து பார்க்கும். நாமே எழுதியதில் ஊகம் பொய்ப்பதே இல்லை, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். 1993-இல் மெரிடித் டேன்மன், மரே ஸ்டெயின்டன் என்ற ஆய்வாளர்கள் மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடித்த அளவுக்குத் தாங்களே எழுதியதில் அந்த மாணவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே, ‘இன்னும் ஒருமுறை படித்துப் பார்’ என்கிற அறிவுரை பாதி அறிவுரைதான். படிப்பது என்றால் எழுத்தைத் தாண்டிப் பொருளுக்குப் போவது. பிழை பார்ப்பது என்றால் பொருளை ஓரமாக நிறுத்திவிட்டு எழுத்தைப் பார்ப்பது. எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஓட்டத்தில் செய்ய முயன்றால் பொருள்தான் ஜெயிக்கும். நம் கருத்து நமக்கே பிடித்துப்போய்விட்டால் கேட்கவே வேண்டாம். தொடக்கத்தில் எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் மூன்றாவது பத்தியில் தன் வாதத்தில் மூழ்கிப்போயிருப்பார். நான் மெய்ப்பு பார்க்கும் முறை முழுவதும் இந்த இரண்டையும் பிரித்துவைப்பதில்தான் நிற்கிறது.

‘புரிந்தால் போதாதா, ஓரிரு எழுத்துப் பிழைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா’ என்று கேட்பவர்கள் உண்டு. 2003-இல் மின்னஞ்சலில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் நடுவில் எப்படிக் கலைத்துப்போட்டாலும் படித்துவிடலாம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றது அது. அங்கே அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. கீத் ரேனர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2006-இல் எழுத்து கலைந்த வாக்கியங்களைப் படிக்கவைத்துக் கண்ணின் நகர்வை அளந்தார்கள். படிக்கத்தான் முடிந்தது, ஆனால் வேகம் குறைந்தது. சொல்லின் தொடக்கம் கலைந்திருந்தால் இன்னும் அதிகமாகக் குறைந்தது. நாம் மிச்சப்படுத்துகிற உழைப்பை வாசகர் செலவழிக்கிறார் என்று அர்த்தம். நாம் எழுதியது ஒருமுறை, படிக்கப்போகிறவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேர் தலையிலும் அதை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, நம் எழுத்துக்கு நாமே அந்நியராவது எப்படி? நாள் இருந்தால் ஓர் இரவு ஆறப்போடுவதுதான் சிறந்த வழி. நேரம் இல்லாவிட்டால் தோற்றத்தை மாற்ற வேண்டும். எழுத்துருவை மாற்றலாம், அளவைப் பெரிதாக்கலாம், பக்கத்தின் அகலத்தைக் குறுக்கலாம், கணினியில் எழுதியதைக் கைபேசியில் பார்க்கலாம், தாளில் அச்செடுக்கலாம். வரிகள் வேறு இடங்களில் முறியும்போது கண் நிற்கும் இடங்களும் மாறுகின்றன. நேற்று ஒரு வரியின் நடுவில் பதுங்கியிருந்த சொல் இன்று வரியின் முதலில் வந்து நிற்கும். கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு வாக்கியமாகப் பின்னோக்கி வருவதும் நல்ல பயிற்சி. வாதத்தின் ஓட்டம் அறுந்துபோவதால் ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

என் முதல் சுற்று காதுக்கு உரியது. வாய்விட்டுப் படிப்பேன், அல்லது கணினியையே படிக்கச் சொல்லிக் கேட்பேன். விட்டுப்போன சொல், இரண்டு முறை விழுந்த சொல், மூச்சு முட்டும் நீள வாக்கியம் எல்லாம் காதில் உடனே இடறும். ஆனால் காதை முழுக்க நம்பிவிட முடியாது. பெரும்பாலோர் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றாகிவிட்டன. ந, ன ஒலியிலும் வேறுபாடு கேட்பதில்லை. ன, ண அவசரப் பேச்சில் கலந்துவிடும். கரையும் கறையும், உரையும் உறையும், மனமும் மணமும், பனியும் பணியும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எழுதும்போது எந்த எழுத்தில் தடுமாறுகிறோமோ அதே எழுத்தைக் காதும் மறைத்துவிடுகிறது. ஆகவே எழுத்துக்குக் கண், வாக்கியத்துக்குக் காது என்று வேலையைப் பிரித்துவிட வேண்டும்.

கண்ணால் பார்க்கும் சுற்றில் விரல் எப்படித் தவறியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே பார்ப்பது உதவும். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுபவர்களுக்கு லகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒரே விசையில் இருக்கும். ஷிப்ட் விசை சரியாக அழுந்தாவிட்டால் ள போய் ல வந்து நிற்கும். ‘புரிந்து கொள்வார்’ என்பது ‘புரிந்து கொல்வார்’ ஆகிவிடும். கொல்வார் என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தான் என்பதால் மென்பொருள் வாயைத் திறக்காது. 1999-இல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் இரண்டுக்கும் தனித்தனி விசை உண்டு. அதில் எழுதுபவர்களிடம் இந்த வகைப் பிழை குறைவு, பக்கத்து விசையில் விரல் படும் பிழை அதிகம். கைபேசியில் சொல்லைப் பரிந்துரைக்கும் விசைப்பலகை வேறு மாதிரி ஏமாற்றும். அங்கே எழுத்து தவறாது, முழுச் சொல்லே வேறாகிவிடும். வந்து விழுவது அகராதியில் உள்ள சரியான சொல் என்பதால் பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. எதில் எழுதினோம் என்று தெரிந்தால் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரியும்.

இன்னொரு வகையை அறியாப் பிழை என்பேன். விரல் சரியாகத்தான் அடிக்கிறது, சொல்தான் மனதில் தப்பாகப் பதிந்திருக்கிறது. ‘என்னைப் பொருத்தவரை’ என்று எழுதுபவருக்கு அது ‘பொறுத்தவரை’ என்று தெரியாது. சுவற்றில் என்பது சுவரில் என்றும், கோர்த்து என்பது கோத்து என்றும், பதட்டம் என்பது பதற்றம் என்றும், சில்லரை என்பது சில்லறை என்றும் இருக்க வேண்டும். எத்தனை சுற்று பார்த்தாலும் இவை கண்ணில் படாது, ஏனென்றால் பார்ப்பவரும் அதே ஆள். இதற்கு ஒரே வழி பட்டியல்தான். யாராவது சுட்டிக்காட்டியதும் அந்தச் சொல்லை ஒரு கோப்பில் குறித்துவைத்துவிட்டு, வெளியிடும் முன் அவற்றைத் தேடல் பெட்டியில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். தேடல் பெட்டிக்கு ஊகம் தெரியாது. நமக்கு இந்த வேலையில் அது பெரிய துணை.

இனி நான் எல்லாவற்றையும்விட அதிகம் பயப்படும் பிழைக்கு வருகிறேன். அது எழுதும்போது நேர்வதில்லை, திருத்தும்போது நேர்கிறது. ‘இந்தக் கட்டுரை பல கேள்விகளை எழுப்புகிறது’ என்று ஒரு வாக்கியம். பிழையே இல்லை. அப்புறம் யோசித்துக் கட்டுரை என்பதை எடுத்துவிட்டு நூல்கள் என்று போடுகிறோம். இப்போது வாக்கியம் ‘இந்தக் நூல்கள் பல கேள்விகளை எழுப்புகிறது’ என்று நிற்கிறது. ஒரு சொல்லைத்தான் மாற்றினோம், இரண்டு பிழைகள் பிறந்துவிட்டன. கட்டுரைக்காக வந்த க், கட்டுரை போன பிறகும் அங்கேயே நிற்கிறது. ஒருமையில் முடிந்த வினையும் பழைய எழுவாயையே நம்பிக்கொண்டிருக்கிறது. நம் கவனம் முழுவதும் புதிதாகப் போட்ட சொல்லின்மேல் இருந்ததால் அதன் இருபுறமும் பார்க்கவில்லை. ‘இந்த நூல்கள் பல கேள்விகளை எழுப்புகின்றன’ என்று மூன்று இடங்களிலும் கைவைத்தால்தான் திருத்தம் முடிகிறது.

தமிழில் ஒரு சொல் தன் பக்கத்துச் சொல்லைப் பார்த்துத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. ‘ஓர் ஊர்’ என்பதில் ஊரைக் கிராமமாக மாற்றினால் ஓர் என்பது ஒரு ஆக வேண்டும். ‘அந்த நூலை’ என்பதைப் புத்தகம் என்று மாற்றினால் ஒரு ப் புதிதாக வர வேண்டும். இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தேடல் பெட்டியில் ‘க்’ அடித்து, பின்னால் ஓர் இடைவெளி விட்டுத் தேடுங்கள். நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் அடுத்த சொல் ககர வரிசையில் தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ச், த், ப் மூன்றுக்கும் அதே மாதிரி. ஃபேஸ்புக் போன்ற பெயர்கள் நடுவே வந்து நிற்கும், அவற்றைத் தாண்டிப் போய்விடலாம். விட்டுப்போன ஒற்றெழுத்தை இப்படிப் பிடிக்க முடியாது, அதற்குக் கண்தான் வேண்டும். இரண்டாம் வேற்றுமை உருபான ஐ, நான்காம் வேற்றுமை உருபான கு, அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின்னால் மட்டும் முதலில் பார்த்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

ஒற்றால் பொருள் மாறுமா என்று கேட்டால், மாறும். ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் தந்தத்தால் ஆனது. ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கிறார், ‘வேலைக் கொடு’ என்றால் வேலாயுதத்தைக் கேட்கிறார். இடைவெளிக்கும் இதே கதைதான். ‘ஒருவேளை வருவார்’ என்பதில் ஐயம் இருக்கிறது, ‘ஒரு வேளை வருவார்’ என்று பிரித்தால் பொழுதுக் கணக்காகிவிடுகிறது.

எழுவாயும் பயனிலையும் பொருந்துகிறதா என்று பார்க்கவே தனியாக ஒரு சுற்று வைத்திருக்கிறேன். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. எழுவாய்க்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் அடைத்துவிட முடிகிறது. ‘மாணவர்கள் எழுதிய கட்டுரைகளின் தரம் உயர்ந்திருக்கின்றன’ என்று எழுதியபின் படித்தால் காதுக்குக்கூட இடறாது, மாணவர்களும் கட்டுரைகளும் பன்மையாக ஒலித்துக்கொண்டிருப்பதால். உயர்ந்தது தரம், அது ஒருமை. ஆகவே ‘உயர்ந்திருக்கிறது’. நீளமான வாக்கியம் ஒவ்வொன்றிலும் வினையைத் தொட்டு, யார் அல்லது எது என்று கேட்டு, பின்னோக்கிப் போய்ப் பதிலைக் கண்டுபிடிப்பேன். பதில் கிடைக்க நேரம் எடுத்தால் அந்த வாக்கியத்தை இரண்டாக வெட்ட வேண்டும் என்று அர்த்தம். ‘ஒவ்வொரு நூல்களும்’ போன்றவையும் இந்தச் சுற்றில்தான் அகப்படும்.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் சில உண்டு. கௌரவம் என்ற சொல்லின் முதல் எழுத்தைக் ‘கௌ’ என்று ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம், ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ சேர்த்தும் அடித்துவிடலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஔவை என்பதும் ஒ, ள, வை என்று மூன்று எழுத்தாகப் பல இடங்களில் கிடக்கிறது. தமிழ் எண்களில் ஏழு என்பதைக் குறிக்கும் ௭ பார்வைக்கு எகரம்தான், ஒன்று என்பதைக் குறிக்கும் ௧ ககரம்தான். மனிதக் கண் ஏமாறும், கணினி ஏமாறாது. சரியாகத் தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும்போது கெ, ள என்று பிரிந்து ஒலிக்கும். அவர் காதில் விழுவது நாம் எழுதிய சொல்லே அல்ல. கண்ணுக்குத் தெரியாதுதானே என்று நான் இதை விட்டுவிடாததற்கு அந்த வாசகர்தான் காரணம்.

வாணி, நாவி போன்ற தமிழ்த் திருத்திகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாணி எழுத்துப் பிழையைக் காட்டும், நாவி சந்திப் பிழையைக் காட்டும். தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு, விகுதி எல்லாம் சேர்ந்து எத்தனையோ வடிவம் எடுக்கும். அதை அலசும் ஒரு கருவியைக் கட்டுவது எவ்வளவு பெரிய உழைப்பு என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. நான் படிக்கத் தொடங்கும் முன்பே அவற்றை ஓடவிடுவேன், சில்லறைப் பிழைகள் அகன்றால் மீதியை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு பரிந்துரையையும் நானே பார்த்துத்தான் ஏற்பேன். மொத்தமாக எல்லாவற்றையும் மாற்றும் பொத்தானை அழுத்துவதே இல்லை.

எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் இந்த வேலையில் பாதி. கதையில் ஒருவர் ‘வந்துட்டுப் போறேன்’ என்று சொன்னால் அது அவருடைய பேச்சு, அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. பிறர் சொன்னதை மேற்கோளாகக் கொடுக்கும்போதும் அப்படித்தான். அச்சுத் திருத்தத்தில் இதற்கென்றே குறி இருக்கிறது. தவறுதலாகக் கோடு போட்டு நீக்கிய சொல்லின் கீழே புள்ளிகள் வைத்தால் முன்பு இருந்தபடியே இருக்கட்டும் என்று பொருள். நாட்களா நாள்களா, கருப்பா கறுப்பா என்று இரு தரப்பிலும் ஆள் இருக்கும் சொற்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே எழுதினால் போதும். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால்தான் வாசகர் நின்று யோசிப்பார்.

எண்களையும் பெயர்களையும் நான் கட்டுரையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அவற்றை மட்டும் தனியே பொறுக்கி எடுத்து, முதலில் எங்கிருந்து எடுத்தேனோ அந்த இடத்துக்கே போய் ஒப்பிடுவேன். நினைவிலிருந்து சரிபார்ப்பது சரிபார்ப்பே இல்லை. 1897 என்பது 1987 ஆவதற்கு இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் போதும். மில்லியன் என்பது 10 லட்சம், பில்லியன் என்பது 100 கோடி. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எழுதும்போது இங்கே ஒரு பூச்சியம் நழுவினால் பத்து மடங்கு வித்தியாசம். 1925-இல் பிறந்தவர் 1940-இல் தன் 20ஆம் வயதில் ஒரு வேலையில் சேர்ந்தார் என்று வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகும், கழித்துப் பார்த்தால்தான் 15 என்று தெரியும். மூன்று காரணங்கள் என்று தொடங்கினால் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பேன். ஒருவரின் பெயரைத் தப்பாக எழுதுவது மற்றப் பிழைகளைப் போன்றதல்ல, அது அந்த மனிதரைப் புண்படுத்தும். அதனால் பெயர்களுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.

தலைப்பு, துணைத்தலைப்பு, படத்தின் கீழே வரும் வரி ஆகியவற்றைக் கடைசியில் பார்ப்பேன். கட்டுரையின் பத்திகளுக்குள் பிழை தேடிப் பழகிய கண் இவற்றை எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. பெரிய எழுத்தில் இருக்கும் பிழை பலரையும் தாண்டிப் போவது அதனால்தான். அப்புறம் ஒரு கட்டுப்பாடு: கடைசி நேரத்தில் எந்தச் சொல்லை மாற்றினாலும் அந்தச் சொல்லோடு நிறுத்தாமல் பத்தி முழுவதையும் மறுபடி படிப்பது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு தப்பிவிடும். வெளியான பின் அது எழுத்துப் பிழை என்று தெரிந்தால் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், யாருக்கும் நட்டம் இல்லை. ஆண்டு, தொகை, பெயர் போன்ற தகவல் தவறாக இருந்தால் அப்படிச் செய்யக்கூடாது. எது தவறாக இருந்தது, எப்படித் திருத்தப்பட்டது, என்றைக்கு என்று கட்டுரையிலேயே ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். பழைய எண்ணைப் படித்துவிட்டு அதை இன்னொருவருக்குச் சொன்னவர் திரும்பி வந்து பார்த்தால், எது மாறியிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமல்லவா.